நாக்குக்கு அடியில், ஓரமாக

வெப்பமானியை வைப்பதற்கு முன், கடந்த பதினைந்து நிமிடத்துக்குள் சூடாகவோ குளிர்ச்சியாகவோ ஏதாவது குடித்தாரா, புகை பிடித்தாரா என்று நோயாளியிடம் கேட்க வேண்டும். கருவியின் முனை நாக்குக்கு அடியில், நடுவில் அல்ல, ஓரமாகப் பின்பக்கம் இருக்கும் குழிவில் அமர வேண்டும். உதடுகள் மூடியிருக்க வேண்டும். பல்லால் கடிக்கக் கூடாது. அளவு முடியும்வரை செவிலியர் நோயாளியின் பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

என் வகுப்புக் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் இருந்த பாடம் இது. அரசு செவிலியர் பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் பெண்களுக்கு நான் முதலில் நடத்துவது இதைத்தான். ஊசி போடவும் குளுக்கோஸ் ஏற்றவும் கற்றுக்கொள்ளும் ஆசையோடு வந்த பெண்களுக்கு அது பெரிய ஏமாற்றம். "ஒரு குச்சிய வாய்ல வைக்கறதுக்கு ஒரு மணி நேரம் பாடமா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். செய்முறைத் தேர்வில் அவளுக்குக் கடைசி வரியில்தான் மதிப்பெண் போயிற்று. கருவி வாயில் இருக்கும்போதே ஜன்னல் பக்கம் திரும்பி யாரையோ பார்த்துச் சிரித்தாள். திரும்பினால் இரண்டு மதிப்பெண் குறைப்பேன். பக்கத்தை விட்டு நகர்ந்தால் பூஜ்யம். அதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வு பெற்றதும் ஆரணிக்கே வந்துவிட்டேன். வீட்டில் மாடி எனக்கு, கீழ்ப்பகுதி தம்பிக்கு. கூடத்தில் குழித்தறி. தம்பி குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்க, காலையில் எட்டு மணிக்கு ஆரம்பிக்கும் சத்தம் என் நாற்காலிக் கால் வழியாக மேலே ஏறும். அவனுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையை நான் மேலேயிருந்து குரல் கொடுத்தால்தான் போடுவான். "ஆஸ்பத்திரிய வூட்டு மாடிலயே வச்சிகினு இருக்கறோம், நமக்கு இன்னா பயம்" என்று அவன் மனைவியிடம் சொல்வான். அதில் பாதி கிண்டல், பாதி நம்பிக்கை.

அவனிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அவனிடம் மட்டும் இல்லை, எங்கள் தெருவில் தறியில் உட்காரும் பலரிடமும் இருக்கிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால், அறுந்த முனையை முன்பல்லில் லேசாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் புது இழையை அதோடு சேர்த்து முறுக்குவார்கள். அப்போது உதடு திறந்திருக்க வேண்டும். நாக்கு உள்ளே ஒதுங்கியிருக்க வேண்டும். பட்டில் எச்சில் பட்டால் அந்த இடத்தில் சாயம் மங்கும் என்பார்கள். சின்ன வயதில் இழையை நனைத்ததற்காக எங்கள் அப்பாவிடம் அவன் வாங்கிய அறைகளுக்கு நான் சாட்சி. எனக்கு அந்த அறைகள் விழவில்லை. நான் படிக்கிற பெண். தறியில் உட்கார வைக்கவில்லை. ஆகவே ஐம்பத்தேழு வயதில் அவன் வாய்க்குத் தெரிந்ததும் அறுபத்தோரு வயதில் என் வாய்க்குத் தெரிந்ததும் வேறு வேறு.

அந்த மழைக்காலத்தில் மிதிபலகையிலிருந்து ஒரு மரச்சிலாம்பு அவன் இடது பாதத்தில் ஏறியது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் வலி தெரியாது. அவனும் சொல்லவில்லை. நான் பார்த்தபோது பெருவிரலுக்கு அடியில் புண் ஆகியிருந்தது. கழுவிக் கட்டினேன். நாலாம் நாள், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், தறியை நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறி வந்தான்.

"குளுருற மாதிரி கீதுக்கா."

"மழை பெய்யுது, குளிராம என்ன செய்யும்? உட்காரு."

என்னுடைய டிஜிட்டல் வெப்பமானியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து எடுத்தேன். ஒரு நிமிடம் கழித்து அது காட்டியது தொண்ணூற்றெட்டுப் புள்ளி இரண்டு. காய்ச்சல் இல்லை. நோட்டில் தேதி, நேரம், நாடித்துடிப்பு, வெப்பம் எல்லாம் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். எழுதாவிட்டால் அது நடக்கவில்லை என்று பாடம் நடத்தியவள் நான். ஆனாலும் புண் புண்தான், காலையில் டாக்டரிடம் காட்டு என்றேன். நோயாளியை அனுப்பும்போது கையில் ஒரு குறிப்புக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது முறை. என் பெயர் அச்சிட்ட தாளில், சர்க்கரை எத்தனை வருடமாக, என்ன மாத்திரை, புண் எத்தனை நாள், வெப்பம் எவ்வளவு என்று எழுதி, "காய்ச்சல் இல்லை" என்ற வரிக்கு அடியில் கோடு போட்டு, ஓய்வு பெற்ற செவிலியர் ஆசிரியை என்று கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த நாள் நான் கூடப் போகவில்லை. கருவூலத்தில் எனக்கு ஓய்வூதியர் நேர்காணல் இருந்தது. நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பதை வருடத்துக்கு ஒரு முறை நேரில் போய் நிரூபிக்க வேண்டும். வரிசையில் மூன்று மணி நேரம் நின்று நிரூபித்தேன்.

தம்பியும் அவன் மனைவியும் போன அரசு மருத்துவமனையில் ஒரு கணக்கு இருந்தது. சர்க்கரைப் புண்ணோடு வருகிறவருக்குக் காய்ச்சல் இருந்தால் வார்டு, ரத்தப் பரிசோதனை, நரம்பு வழி மருந்து. இல்லாவிட்டால் கட்டு, மாத்திரை, வீடு. கூட்டம் அதிகமுள்ள இடத்தில் ஏதாவது ஒரு கணக்கு வேண்டும்தான். அதனால் அன்று அவன் பாதம் எந்தப் பக்கம் போகும் என்பது அந்த ஒரு எண்ணில் இருந்தது. எண் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு என்று வந்தது. டாக்டர் என் குறிப்பையும் படித்துவிட்டுத் தன் பதிவோடு சேர்த்து வைத்துக்கொண்டாராம். "வீட்டிலயே நர்ஸ் இருக்காங்க, அப்புறம் என்ன" என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தாராம். மாத்திரைகளில் ஒன்று காய்ச்சலை அடக்கும் மாத்திரை.

சனி, ஞாயிறு படியில் நின்று கேட்டேன், "எப்படி இருக்கு?" என்று. "பரவால்லக்கா" என்றான். திங்கட்கிழமை கட்டு மாற்றப் போனான். அன்றும் காய்ச்சல் இல்லை என்று சீட்டில் எழுதி வந்தது. வீட்டில் ஒரு முறை, அங்கே இரண்டு முறை, மூன்று எண்ணும் ஒத்துப்போயின. ஒத்துப்போன எண்ணை யாரும் மறுபடியும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

புதன்கிழமை அவன் சோறு வேண்டாம் என்றான். தம்பி மனைவி மேலே வந்து, "அண்ணி, ராத்திரிலாம் ஒளறிகினே இருந்தாரு. இன்னிக்கி நீங்களும் வாங்க" என்றாள். ஆட்டோவில் மூவரும் போனோம்.

கட்டு மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இளம் செவிலியர் ஒருத்தி வெப்பமானியைப் பஞ்சால் துடைத்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, அடுத்தவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கத் திரும்பிவிட்டாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தம்பி வெப்பமானியை வாயில் வைத்தான். முனையை முன்பல்லால் லேசாகப் பிடித்துக்கொண்டான். உதடு திறந்திருந்தது. நாக்கு உள்ளே ஒதுங்கியிருந்தது. அறுந்த இழையைப் பிடித்துக்கொண்டு தறிமுன் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தான். கண்கூடச் சற்றுச் சுருங்கி, இழையைத் தேடுவது போல இருந்தது. ஏதோ மழைக்காற்றை அளந்துகொண்டிருந்தது அந்தக் கருவி.

நான் உள்ளே போனேன்.

"மேடம், கூட வந்தவங்க வெளிய நில்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

"அதை மறுபடியும் வைக்கணும்மா. நாக்குக்கு அடியில."

"வச்சிட்டேன் மேடம். தொண்ணூத்தெட்டு."

"நீ வைக்கல. அவன் வச்சிருக்கான்."

தம்பியிடம் திரும்பி நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினான். முனையை ஓரமாக வைத்து உதட்டை மூடு என்றேன். மூடியவன் அடுத்த நொடியே பழையபடி பல்லுக்குக் கொண்டுவந்துவிட்டான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. மெல்லியதாக ஒன்று உதட்டைத் தொட்டால் அவன் நாக்கு தானாக ஓடி ஒளிந்துகொள்கிறது. மூன்றாவது முறை நான் ஒரு கையால் கருவியையும் மறு கையால் அவன் தாடையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பீப் என்று சத்தம் வரும்வரை விடவில்லை. நூற்று மூன்று புள்ளி இரண்டு.

அந்தப் பெண் கருவியை வாங்கி எண்ணைப் பார்த்தாள். "கைல குடுத்தா எல்லாரும் கரெக்டாதான் வச்சிக்கிறாங்க மேடம்" என்றாள்.

"எல்லாரும் தறி நெய்யறவங்க இல்லம்மா."

"வெளிய லைனப் பாருங்க. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நின்னுகினு இருந்தா எப்டி மேடம் முடியும்?"

"நிக்கணும்" என்றேன். பூஜ்யம் போட்ட பழக்கம்.

அன்று மதியமே வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். சீழ் எலும்புக்குப் போயிருந்தது. முதலில் விரல் என்றார்கள், அப்புறம் பாதம் என்றார்கள், வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட்டார்கள். அறுவை செய்த டாக்டர் நல்ல மனிதர். ஒளிக்காமல் பேசினார். "அஞ்சாறு நாள் முன்னாடி அட்மிட் பண்ணியிருந்தா ஒரு விரலோட போயிருக்கும்மா" என்றார். தம்பி மனைவி, "முன்னாடியே போனோமே சார், காய்ச்ச இல்லன்னு சொல்டாங்களே" என்றாள். டாக்டர் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். எங்கள் உறவுக்காரர்கள் பேசினார்கள். சர்க்கரைக்காரனைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். காய்ச்சல் வந்ததே தெரியாமல் இருந்தாளாம். அவள் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார்கள்.

அதைக் கேட்ட பிறகுதான் அந்த மருத்துவமனைக்கு மனு எழுதினேன். அவள்மேல் குற்றம் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். எழுத்தில் இருந்தால் யாரும் பேச முடியாது என்பது நான் வாழ்நாள் முழுவதும் நம்பிய விஷயம்.

ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களுக்கு இரண்டு நோய் வரும். ஒன்று சர்க்கரை, மற்றொன்று மனு. எனக்கு முதலாவது இல்லை. மனு எழுதும் முறை எனக்கு நன்றாகத் தெரியும். ஆத்திரம் கூடாது, பெயரும் பதவியும் சரியாக இருக்க வேண்டும், கேள்விகளுக்கு எண் கொடுக்க வேண்டும், ஓரிரு சொல்லில் பதில் வரும்படி கேட்க வேண்டும். ஐந்து கேள்விகள் கேட்டேன். நோயாளி அதற்கு முன் ஏதாவது குடித்தாரா என்று கேட்கப்பட்டதா? கருவி எந்த இடத்தில் வைக்கப்பட்டது? உதடு மூடியிருந்ததா? வைத்தவர் யார், நோயாளியா செவிலியரா? ஐந்தாவது கேள்வி: அளவு எடுத்தவர் அது முடியும்வரை நோயாளியின் பக்கத்தில் இருந்தாரா? ஐந்தாவதுதான் முக்கியமானது. மற்ற நான்கும் அதற்கு வழி.

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. முப்பது நாள் கழித்து நினைவூட்டு ஒன்று. பிறகு நினைவூட்டு இரண்டு, நகல் மேலதிகாரிக்கு. பிறகு நேரில் போனேன். எழுத்தர் என்னை உட்காரச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை என்று அந்த மரியாதையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"உங்க ஃபைல் சுத்துல இருக்குது மேடம்."

"எங்கே சுத்துது?"

"அது சுத்தி முடிஞ்சாதான் தெரியும்."

"நானும் முப்பது வருஷம் கவர்மெண்ட் வேலையில ஃபைல் சுத்தவிட்டவதான் தம்பி."

"அப்ப உங்களுக்கே தெரியும் இல்ல மேடம்" என்றார். கெட்டவர் இல்லை. டீ வாங்கிவரச் சொல்லவா என்றுகூடக் கேட்டார்.

அதற்குள் வீட்டில் எல்லாம் இடம் மாறியிருந்தது. செயற்கைக் கால் வந்தது. அதை மாட்டிக்கொண்டு நடக்கலாம், குழிக்குள் இறங்கி மிதிக்க முடியாது. தம்பி மனைவி குழிக்குள் இறங்கினாள். அவள் நெய்வாள், தம்பி பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அறுந்த இழைகளைச் சேர்த்துக்கொடுப்பான். முன்பல்லில் முனை, திறந்த உதடு. நான் படியிறங்கும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவேன்.

"அக்கா, மனு இன்னா ஆச்சு? கால் மொளைக்கற மாதிரி எதுனா எழுதிகிறாங்களா?" என்பான்.

"உனக்கு எல்லாம் விளையாட்டு."

"பேஜார் புடிச்சவங்க கிட்ட இன்னாத்துக்கு மோதிகினு. வுட்டுடுக்கா" என்பான். மனு அனுப்பிய நாளிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அதை அவனுடைய பயம் என்று எடுத்துக்கொண்டேன். படிக்காதவர்களுக்கு அலுவலகம் என்றால் பயம் என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது. அதைப் பற்றி நோட்டில் ஒரு வரிகூட எழுதியிருக்கிறேன். படிக்க இப்போது கூசுகிறது.

ஒன்பதாவது மாதம் தபால்காரர் உறையைக் கீழேயே கொடுத்துவிட்டுப் போனார். தம்பிதான் குரல் கொடுத்தான். இறங்கிவந்து, தறிச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து, அவள் முன்னால் பிரிக்க வேண்டும் என்று அவள் முன்னாலேயே பிரித்தேன். ஒரு பக்கம்தான். கேள்வி ஒன்று முதல் நான்கு வரை: பதிவேடுகளில் தகவல் இல்லை. கேள்வி ஐந்து: இணைப்பைக் காண்க.

இணைப்பு என்பது என் பெயர் அச்சிட்ட தாளின் நகல். என் கையெழுத்து. வியாழக்கிழமை, மாலை ஐந்து நாற்பது, வாய்வழி வெப்பம் தொண்ணூற்றெட்டுப் புள்ளி இரண்டு. "காய்ச்சல் இல்லை" என்பதற்கு அடியில் நான் போட்ட கோடு நகலில் கொஞ்சம் தடிப்பாகவே விழுந்திருந்தது. அதற்கு மேல் அவர்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல அலுவலர்.

"இன்னா போட்டுகிறாங்க அண்ணி?" என்றாள் அவள் குழிக்குள்ளிருந்து.

அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தை முதல் முறையாக முழுசாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெப்பமானியைத் துடைத்தேன், தம்பி கையில் கொடுத்தேன். அப்போது கீழே கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கூப்பிட்டார். போனுக்கு ஓர் எண் வந்திருக்கும், சொல்லுங்கம்மா, ஜல்தி, இன்னும் பத்து வீடு இருக்குது என்றார். போனைத் தேடி உள்ளே போனேன். கண்ணாடியைத் தேடினேன். மாடிச் சுவரருகே போய் எண்ணைக் கத்திச் சொன்னேன். திரும்பி வந்தபோது பீப் சத்தம் வந்து முடிந்திருந்தது. தம்பி கருவியை என் கையில் கொடுத்தான். அது உலர்ந்திருந்தது. நாக்குக்கு அடியிலிருந்து எடுத்த வெப்பமானி உலர்ந்திருக்காது. நான் எண்ணைப் படித்தேன், எழுதினேன், கோடு போட்டேன்.

மருத்துவமனை விதியை மீறியது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. இரண்டு முறை மீறியது. மூன்றாவது முறையும் மீறிக்கொண்டிருந்தபோது நான் பிடித்தேன். ஆனால் முதலில் மீறியவள் யார் என்று அவர்கள் இணைத்திருக்கிறார்கள்.

தம்பியிடம் தாளைக் கொடுத்தேன். அவன் படிக்கவில்லை. என் கையெழுத்தை மட்டும் பார்த்தான்.

"அன்னிக்கி சிலிண்டர் வந்துச்சு இல்ல" என்றான்.

"உனக்கு ஞாபகம் இருந்ததா?"

"ஆஸ்பத்திரில நீ என் தாடையப் புடிச்சிகினு நின்னியே, அப்பவே தெரிஞ்சிடுச்சு. வூட்லயும் இப்டித்தான வச்சிகினு இருந்தோம்னு."

"ஏன்டா சொல்லல?"

"நீதான் அவ்ளோ ஆசையா எழுதிகினு இருந்தியே. வுட்டுடுன்னு சொல்லிகினுதான இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அவன் தாளை மடித்து என்னிடம் நீட்டிவிட்டு, பாவில் அறுந்து தொங்கிய இழையின் முனையை எடுத்துப் பல்லில் பிடித்துக்கொண்டான். அதோடு பேச்சு முடிந்தது. பல்லில் இழை இருக்கும்போது அவர்கள் பேச மாட்டார்கள்.

அவன் மனைவிக்கு நானே சொன்னேன். குழி விளிம்பில் உட்கார்ந்து, காய்ச்சலைத் தவறவிட்டது நான்தான், அடுத்த முறை உறவுக்காரர்கள் வந்தால் அதை நான் அவர்களிடமே சொல்கிறேன் என்றேன். அவள், "சொல்லுங்க அண்ணி" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது சரிதான். பிறகு மிதியை மிதித்தாள்.

மாடிக்கு வந்து நோட்டை எடுத்தேன். அந்த வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, தொண்ணூற்றெட்டுப் புள்ளி இரண்டு என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். தப்பான பதிவை அழிக்கக் கூடாது, அடியில் இருப்பது தெரியும்படி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் விதி. "அளவு எடுக்கப்படவில்லை" என்று எழுதினேன். "எடுத்தவர் நோயாளியின் பக்கத்தில் இல்லை." அதற்குக் கீழே, பார்வை: மருத்துவமனையின் பதில், கிடைத்த நாள் ஆகஸ்டு பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை.